கேளாமல் வரும் துணை

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போய்விட்டு வாசலில் விடைபெறும்போது எல்லோரும் தவறாமல் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "ஏதாவது வேணும்னா தயங்காம சொல்லும்மா" என்பதுதான் அது. சொல்பவர்கள் மனத்தில் கள்ளமில்லை. அந்தப் பெண் ஒரு வார்த்தை சொன்னால் போட்டது போட்டபடி ஓடி வரக்கூடியவர்கள்தாம் அவர்களில் பலரும். ஆனாலும் அந்த வாக்கியம் சில ஆண்டுகளாக என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் முதல் பிரசவத்துக்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் அதைச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரையும் நான் அழைக்கவில்லை. பின்னர் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தபோது அவளிடமும் அதையே சொன்னார்கள். அவளும் யாரையும் அழைக்கவில்லை. எங்கள் இருவருக்குமே உதவி தேவைப்படாமல் இல்லை. சொல்லப்போனால், மிகவும் தேவைப்பட்ட நாட்களில்தான் தொலைபேசியைக் கையில் எடுக்கவே முடியாமல் போனது.

அந்த வாக்கியம் ஒரு பெண்ணிடம் எதையெல்லாம் எதிர்பார்க்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். முதலில், தனக்கு ஏதோ சரியில்லை என்பதை அவள் உணர வேண்டும். உணர்ந்ததற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். இன்னாரிடம் இதைக் கேட்கலாம், இன்னாரிடம் கேட்டால் ஊர் முழுக்கப் பரவிவிடும் என்று ஆள் பார்த்துப் பிரிக்க வேண்டும். அவர்களுக்கு ஒழிவான நேரம் எது என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஒரு குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவளால் முடியவில்லையா' என்று எதிரில் இருப்பவர் நினைத்துவிடுவாரோ என்ற அச்சத்தைத் தாண்ட வேண்டும். தொடர்ந்து இரண்டு மணி நேரம் தூங்க முடியாத ஒருத்தியிடம், தையல் போட்ட இடம் இன்னும் வலித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம், இத்தனை வேலைகளையும் ஒப்படைத்துவிட்டு, உதவ வேண்டிய நாம் அழைப்புக்காகக் காத்திருக்கிறோம்.

கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலையில் உள்ள ஆதரவு, மிகவும் தேவைப்படுபவளுக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால், அவள் முதலில் இழப்பது அந்தக் கேட்கும் திறனைத்தான்.

கேட்பதற்கும் தெம்பு வேண்டும்

கர்ப்ப காலம் முழுவதும் ஏறிக்கொண்டே வந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய இரு ஹார்மோன்களும் நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஓரிரு நாட்களுக்குள் அடிமட்டத்துக்குச் சரிந்துவிடுகின்றன. உடலில் இவ்வளவு குறுகிய நேரத்தில் இவ்வளவு பெரிய ஹார்மோன் சரிவு வேறு எப்போதும் நேர்வதில்லை என்றே சொல்லலாம். பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் கண்ணீர் வருவதும், சின்னச் சொல்லுக்கு மனம் உடைவதும், மகிழ்ச்சியும் அழுகையும் மாறி மாறி வருவதும் பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு நேர்கிறது. இது நோயன்று, பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் தானாகவே தணிந்துவிடும். அதுவரை அவளுக்குத் தூக்கமும், அருகில் ஒரு மனிதரும், 'அழாதே' என்று சொல்லாத ஒரு மடியும் இருந்தால் போதும்.

இரண்டு வாரங்கள் கடந்தும் அது தணியாமல் இருந்தால், அல்லது தணிந்து சில மாதங்கள் கழித்து வேறு உருவத்தில் வந்தால், அதுதான் பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. பிரசவித்த பெண்களில் சுமார் 13 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு ஏற்படுகிறது, அதில் முதன்மையானது மனச்சோர்வு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் நாடுகளில் இது 19.8 விழுக்காடு. ஐந்து தாய்மார்களைப் பார்த்துவிட்டு வந்தால் அவர்களில் ஒருத்தி இந்த நிலையில் இருந்திருக்கக்கூடும். அந்த ஒருத்தி யார் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதுதான் சிக்கல். மனச்சோர்வு என்றதும் மூலையில் முடங்கிக் கிடக்கும் பெண்ணைத்தான் நாம் கற்பனை செய்கிறோம். ஆனால் பாட்டில்களை மீண்டும் மீண்டும் கொதிக்க வைத்துக்கொண்டு, குழந்தை மூச்சு விடுகிறதா என்று இரவெல்லாம் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு, வந்தவர்களிடம் சிரித்த முகத்துடன் பேசிக்கொண்டு இருப்பவளும் அதே நோயில் இருக்கலாம். பொறுப்பான தாய் என்று பாராட்டும் வாங்கிக்கொண்டிருப்பாள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், கடும் மனநோய் ஒன்று வரக்கூடும். தூக்கமே இல்லாமல் போவது, இல்லாத குரல்கள் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் தோன்றுவது, பேச்சு தொடர்பறுந்து போவது ஆகியவை அதன் அடையாளங்கள். அது அவசர மருத்துவ நிலை. ஆறுதல் சொல்லி, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே, அப்போதே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். உரிய சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோர் நன்றாகக் குணமடைகிறார்கள்.

இவற்றையெல்லாம் படித்தும் கேட்டும் தெரிந்துவைத்திருக்கும் பெண்கள்கூடத் தமக்கு வரும்போது அடையாளம் காண்பதில்லை. என் தங்கை படித்தவள். இந்தச் சொற்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு அது நோயாகத் தோன்றவில்லை. தன் குணம் இவ்வளவுதான் என்றும், தாயாக இருப்பதற்குத் தான் லாயக்கற்றவள் என்று இப்போதுதான் வெளிச்சமாகியிருக்கிறது என்றும்தான் தோன்றியிருக்கிறது. இந்த நோய் நோயாகத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. அவளைப் பற்றிய உண்மையாகக் காட்டிக்கொள்கிறது. தன் குறை என்று ஒன்றை நம்பிவிட்டவள், அதற்கு உதவி கேட்டு யாரிடம் போவாள்? மறைக்கத்தான் பார்ப்பாள்.

ஒரு படிவமும் ஒரு செவிலியரும்

பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்குத் தங்கையுடன் நானும் போயிருந்தேன். அவளுடைய மாமியாரும் வந்திருந்தார். அங்கே எடின்பரோ அளவுகோல் என்று அழைக்கப்படும் படிவத்தைக் கொடுத்தார்கள். 1987ஆம் ஆண்டு ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் ஸ்காட்லாந்தில் உருவாக்கிய கேள்வித்தாள் அது. மொத்தம் பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்றுதான் கேட்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள், சுழியத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண், மொத்தம் முப்பது. சோர்வு, பசியின்மை போன்ற உடல் சார்ந்த கேள்விகளை அதில் சேர்க்கவில்லை. குழந்தை பெற்ற எல்லோரும் களைத்துத்தான் இருப்பார்கள் என்பதால் அவை எதையும் காட்டிக்கொடுக்காது. மாறாக, சிரிக்க முடிகிறதா, வரும் நாட்களை ஆவலுடன் எதிர்பார்க்க முடிகிறதா, தேவையில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா, காரணமின்றிப் பயம் வருகிறதா என்று கேட்கிறது. பத்தாவது கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தக் கடைசிக் கேள்விக்கு 'ஒருபோதும் இல்லை' என்பதைத் தவிர வேறு விடை வந்தால் அங்கேயே, அப்போதே பேசியாக வேண்டும்.

தங்கை பேனாவை எடுத்துக்கொண்டாள். மாமியார் அவளுக்கு இடப்பக்கம் நெருங்கி உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, படிவத்தை அவளுடனேயே படித்தார். முதல் கேள்வியைப் படித்ததும், "நல்லாத்தானே சிரிக்கிறே, நேத்துக்கூட சிரிச்சியே" என்றார். அதில் அதட்டல் துளியும் இல்லை; மருமகள் நன்றாக இருக்கிறாள் என்ற பெருமைதான் இருந்தது. தங்கை முதல் விடையில் குறியிட்டாள். அடுத்ததிலும் முதல் விடை. குற்றம் சொல்லிக்கொள்வது பற்றிய கேள்வியில் பேனா கொஞ்சம் நின்றது; நுனி தாளில் பட்டு ஒரு சிறிய மைப்புள்ளி விழுந்தது. "இவளை இங்கே யாரும்மா குத்தம் சொல்றா?" என்றார் மாமியார். அதற்கும் 'இல்லை' என்று குறியிட்டுவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள் தங்கை.

செவிலியர் படிவத்தைப் பார்த்தார். பிறகு மாமியாரிடம், "அம்மா, குழந்தையோட எடையை இன்னொரு தடவை பாத்துடலாம், அடுத்த ரூம்லதான் மெஷின் இருக்கு, நீங்களே தூக்கிட்டுப் போறீங்களா?" என்றார். அவர் மகிழ்ச்சியாக எழுந்து போனார். நானும் எழுந்தேன். செவிலியர் தங்கையைப் பார்த்து, "அக்கா இருக்கலாமா, வெளியில இருக்கட்டுமா?" என்று கேட்டார். என் எதிரிலேயே கேட்டார். இருக்கட்டும் என்று அவள் சொன்ன பிறகுதான் என்னை உட்காரச் சொன்னார். புதிய படிவம் ஒன்றை எடுத்து வைத்து, "அவசரம் ஒண்ணுமில்ல. இதை எழுதுறவங்களில் நிறைய பேர் இந்தக் கேள்விக்குத்தான் பேனாவை நிறுத்துவாங்க" என்று அந்த மைப்புள்ளி விழுந்த கேள்வியைக் காட்டினார்.

இரண்டாம் முறை நிரப்பிய படிவத்தின் கூட்டல், மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று வகுத்திருக்கும் எல்லையைத் தாண்டியிருந்தது. முதல் படிவத்தின்படி அவள் பூரண நலத்துடன் இருந்தவள். ஒரே பெண், ஒரே காலை, அதே பத்துக் கேள்விகள். அறையில் யார் இருந்தார்கள் என்பது மட்டுமே மாறியிருந்தது. புதிய தாய்மார்களின் மனநிலையைச் சரிபார்க்கப்பட்ட கேள்வித்தாள் கொண்டு அறிய வேண்டும் என்றும், கூடவே சிகிச்சைக்கும் வழி இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நாற்காலிகளை எப்படிப் போடுவது, உடன் வந்தவரை மனம் நோகாமல் எப்படி அனுப்பிவைப்பது என்பதை ஒரு மனிதர்தான் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் அன்று என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது வேறு ஒன்று. புறப்படும்போது தங்கை, "ஏதாவதுன்னா உங்களைக் கூப்பிடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தாராளமா கூப்பிடுங்க. ஆனா வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நானே கூப்பிடுவேன். நீங்க எடுக்கலைன்னா சாயங்காலம் மறுபடியும் கூப்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணெதிரிலேயே தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். வியாழக்கிழமை அழைத்தார். என்னை இத்தனை நாளாக உறுத்திக்கொண்டிருந்த வாக்கியத்துக்கு மாற்று வாக்கியம் அங்கேதான் எனக்குக் கிடைத்தது.

அழைப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, நன்றாக வேலை செய்த ஏற்பாடுகள் பலவற்றிலும் இதே அமைப்பைக் கண்டேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் சிண்டி லீ டென்னிஸ் தலைமையில் நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. மனச்சோர்வு வரும் வாய்ப்பு அதிகம் என்று கண்டறியப்பட்ட 701 தாய்மார்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு. மற்றொரு பிரிவுக்கு அத்துடன் ஒரு தன்னார்வலரின் தொலைபேசி அழைப்பு. அந்தத் தன்னார்வலர்கள் மருத்துவர்களோ ஆலோசகர்களோ அல்லர். தாமே ஒரு காலத்தில் இந்த மனச்சோர்வில் விழுந்து எழுந்த தாய்மார்கள். அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி நான்கு மணி நேரம். பன்னிரண்டாவது வாரத்தில் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 25 விழுக்காட்டினர் மனச்சோர்வின் எல்லைக்கு மேல் இருந்தார்கள். அழைப்பு பெற்றவர்களில் 14 விழுக்காட்டினர். இந்த எண்களைப் படித்ததும் நான் கவனித்தது ஒன்றுதான்: முதல் அழைப்பைச் செய்தவர் தன்னார்வலர். அந்தத் தாய்மார்கள் கையில் ஓர் எண்ணைக் கொடுத்து, தேவைப்பட்டால் அழையுங்கள் என்று விட்டுவிடவில்லை.

பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டத்துக் கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மானும் அவருடைய குழுவினரும் செய்தது இதைவிடவும் என்னை நெகிழ வைத்தது. அங்கே வீடு வீடாகச் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். அவர்களுக்கே பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீடுகளுக்குப் பிரசவத்துக்கு முன்பிருந்தே தொடர்ந்து அனுப்பினார்கள். 2008இல் வெளியான முடிவுகளின்படி, குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது இந்தப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் சென்ற தாய்மார்களில் 23 விழுக்காட்டினரே மனச்சோர்வில் இருந்தார்கள். பயிற்சி பெறாத பணியாளர்கள் அதே எண்ணிக்கையில் போய்வந்த தாய்மார்களில் அது 53 விழுக்காடு. வாசலில் நின்று 'உங்கள் மருமகளுக்கு மனநோய், சிகிச்சை தர வந்திருக்கிறோம்' என்று சொல்லியிருந்தால் எத்தனை கதவுகள் திறந்திருக்கும்? குழந்தை நன்றாக வளர்வதற்காகத் தாயும் குடும்பமும் சேர்ந்து என்ன செய்யலாம் என்று பேச வந்திருக்கிறோம் என்றார்கள். அதை வேண்டாம் என்று சொல்லும் மாமியார் எங்கும் இல்லை. மேலும், எத்தனை முறை போனார்கள் என்பது இரு பிரிவினருக்கும் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். வந்தால் மட்டும் போதாது; வந்து என்ன பேசுவது, எப்படிக் கேட்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும் என்பதை அந்த ஆய்வு அழுத்தமாகச் சொல்கிறது.

நெதர்லாந்தில், பிரசவமானதும் பயிற்சி பெற்ற பேறுகால உதவியாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து ஒரு வாரத்துக்கும் மேலாக நாள்தோறும் சில மணி நேரம் இருந்து, தாயின் உடல்நிலையைப் பார்த்து, பால் கொடுக்கக் கற்றுக்கொடுத்து, வீட்டு வேலையிலும் மூத்த குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதிலும் கைகொடுப்பது நெடுங்காலமாக உள்ள முறை. அதைக் கர்ப்ப காலத்திலேயே பதிவு செய்து வைத்துவிடுகிறார்கள். யோசிக்கவும் பேசவும் தெம்பு இருக்கும்போதே கேட்டு வைத்துவிடுவதால், தெம்பில்லாத நாட்களில் கேட்க வேண்டிய அவசியமே வருவதில்லை. எவ்வளவு எளிமையான அறிவு! எந்தக் குடும்பமும் செலவில்லாமல் இதைச் செய்து கொள்ளலாம். ஏழாம் மாதத்தில் உட்கார்ந்து, யார் எந்த நாள், எந்த வேலை என்று எழுதி வைத்தால் போதும்.

வீட்டுக்குள்ளேயே இருக்கும் துணையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்தவுடன் கணவனுக்குக் கிடைக்கும் சில நாள் விடுப்பு பெரும்பாலும் மருத்துவமனையிலேயே கரைந்துவிடுகிறது. தாய்க்கு மார்பில் பால் கட்டிக் காய்ச்சல் வருவது, இரண்டு இரவுகள் தொடர்ந்து தூங்காமல் போவது எல்லாம் விடுப்பு முடிந்த பிறகுதான் வரும். சுவீடனில் 2012இல் விதியை மாற்றி, தாய் விடுப்பில் இருக்கும்போதே தந்தையும் முதல் ஆண்டுக்குள் 30 நாட்கள் வரை வேண்டிய நாளில் விடுப்பு எடுத்து வீட்டில் இருக்கலாம் என்று அனுமதித்தார்கள். அந்த மாற்றத்தை ஆராய்ந்த பெட்ரா பெர்சன், மாயா ராசின் ஸ்லேட்டர் ஆகிய இரு பொருளியல் அறிஞர்களும், முதல் ஆறு மாதங்களில் தாய்மார்களுக்குப் பதற்றத்துக்கான மருந்துச் சீட்டுகள் 26 விழுக்காடு குறைந்ததைக் கண்டார்கள். பெரும்பாலான தந்தையர் எடுத்ததோ சில நாட்கள்தாம். இன்று நீ வீட்டில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றும் நாளில் அவரால் இருக்க முடிந்தது என்பதுதான் அதன் பலன். இதைப் படித்தபோது என் தங்கையின் கணவரை நினைத்துக்கொண்டேன். அவர் அக்கறை இல்லாதவர் அல்லர். அவருக்குக் கிடைத்த விடுப்பு, தேவைப்பட்ட வாரத்தில் கையிருப்பில் இல்லை. தந்தையரிலும் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இந்தக் காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளாகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களிடம் யாரும் படிவம்கூடக் கொடுப்பதில்லை.

வந்தவர் என்ன செய்ய வேண்டும்

கேளாமல் வருவது என்று நான் சொன்னதும் பலருக்கும் ஓர் அச்சம் எழும் என்று தெரியும். கேளாமல் வந்து, கேளாமல் அறிவுரை சொல்லி, கேளாமல் குழந்தையைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, 'எங்க காலத்துல' என்று தொடங்கும் ஆட்களுக்கு எந்த வீட்டிலும் குறைவில்லை. அவர்கள் வந்துபோன பிறகு அந்தப் பெண் முன்னைவிடத் தனிமையாகிவிடுகிறாள். பால் போதவில்லை போலிருக்கிறதே என்று போகிற போக்கில் ஒருவர் சொல்லிவிட்டுப் போனால், அந்தச் சொல் ஒரு வாரத்துத் தூக்கத்தைக் கெடுக்கும். எனவே நான் ஒரு வரம்பு வைத்துக்கொள்கிறேன். வேலைக்குக் கேளாமல் வரலாம். தீர்ப்புக்குக் கேளாமல் வரக்கூடாது. துணி துவைப்பது, பாத்திரம் தேய்ப்பது, மூத்த குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, அவள் தூங்கும்போது குழந்தையின் அருகில் உட்கார்ந்திருப்பது ஆகியவற்றுக்கு அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. குழந்தையை எப்படி வளர்ப்பது, பால் எப்போது கொடுப்பது, வேலைக்கு எப்போது திரும்புவது என்பவை அவள் கேட்டால் மட்டுமே நாம் வாய் திறக்க வேண்டியவை.

எப்படிச் சொல்கிறோம் என்பதும் முக்கியம். "என்ன உதவி வேணும்?" என்று கேட்டால் அவள் யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். "நாளைக்குப் பத்து மணிக்கு வரேன், ரெண்டு மணி நேரம் குழந்தையைப் பாத்துக்கறேன், நீ கதவைச் சாத்திக்கிட்டுத் தூங்கு, என்கூடப் பேசிக்கிட்டு இருக்கணும்னு இல்ல, வேண்டாம்னா மட்டும் ஒரு வரி அனுப்பு" என்று சொன்னால் அவள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மறுக்கும் உரிமை அவளிடமே இருக்கிறது. கேட்கும் பாரம் மட்டும் நம்மிடம் வந்துவிடுகிறது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டால் அத்துமீறல் என்ற பேச்சுக்கு இடமில்லை.

மனம் சார்ந்த ஆதரவு என்பது வேறு ஏதோ பெரிய கலை என்று நினைக்க வேண்டாம். அவள் பேசினால் கேட்பது, திருத்தாமல் கேட்பது. 'சில நேரம் இந்தக் குழந்தை எனக்கு யாரோ போல இருக்கிறது' என்று ஒரு தாய் சொன்னால், 'சீ, அப்படிச் சொல்லலாமா' என்று கேட்பவர் அவளுடைய கடைசிக் கதவையும் மூடிவிடுகிறார். குழந்தை மீது பாசம் பிறந்த நொடியே பொங்கி வர வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. பலருக்கு அது வாரக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் ஊறுகிறது. இதை வேறொரு தாயின் வாயால் கேட்பதற்கு இருக்கும் மதிப்பு, எந்தப் புத்தகத்துக்கும் இல்லை. ஒன்டாரியோவின் தன்னார்வலர்கள் ஏன் வெற்றி பெற்றார்கள் என்பது எனக்கு இங்கேதான் விளங்குகிறது. 'எனக்கும் அப்படித்தான் இருந்தது, பிறகு சரியாயிற்று' என்று அவர்களால் பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது.

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் தாயைப் பார்க்க வருகிறவர்கள் அல்லர் என்பதை மிகக் கொடுமையாக உணர்பவர்கள் இருவர். குறைமாதத்தில் பிறந்த குழந்தையை இன்குபேட்டரில் விட்டுவிட்டு வெறுங்கையுடன் வீடு திரும்பியவள் ஒருத்தி. குழந்தையை இழந்தவள் மற்றொருத்தி. அவர்களுக்கும் பிரசவம் ஆகியிருக்கிறது. அதே ஹார்மோன் சரிவு, அதே தையல், அதே பால் சுரப்பு. ஆனால் வாழ்த்துச் சொல்லவும் முடியாமல் துக்கம் கேட்கவும் தெரியாமல் ஊரே ஒதுங்கி நிற்கும். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் போகவில்லை என்பார்கள். பேசத் தெரிய வேண்டியதில்லை. அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலே போதும் என்று, இழந்த தாய் ஒருத்தி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆறாவது வாரத்துக்குப் பிறகு

தங்கையின் கதையில் மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செவிலியர் வழியாக மனநல மருத்துவரிடம் போனாள். பேச்சு வழிச் சிகிச்சையும், பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் தரக்கூடிய மருந்தும் கொடுத்தார்கள். மருந்து என்றால் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். பல மருந்துகளுக்கு அப்படி நிறுத்த வேண்டியதில்லை என்று மருத்துவர் விளக்கிய பிறகே சமாதானமானார்கள். மாமியாரிடம் செய்தியைச் சொன்னவளும் தங்கைதான். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, தம் இரண்டாவது பிரசவத்துக்குப் பின் பல மாதங்கள் யாருடனும் பேசாமல் இருந்ததையும், அதற்குத் திமிர் என்று பெயர் வாங்கியதையும் சொன்னார். அதுவரை அவர் பிள்ளைக்குக்கூட அது தெரியாது. அதன் பிறகு இரவு இரண்டாவது பாலூட்டலுக்கு அவரும் எழுந்து உட்கார்ந்துகொள்ளத் தொடங்கினார்.

எனக்கு இன்னும் ஆறாத குறை ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் சந்திப்புகள் பிரசவத்தை அடுத்த ஒரு நாள், இரண்டு மூன்று நாட்கள், ஓரிரு வாரங்கள் என்று வந்து ஆறாவது வாரத்தோடு நிற்கின்றன. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் சங்கம் 2018இல், ஒற்றைச் சந்திப்போடு முடிப்பதை விட்டு, மூன்று வாரங்களுக்குள் தொடங்கிப் பன்னிரண்டு வாரங்கள் வரை தொடர வேண்டும் என்று தன் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. ஆனால் மனச்சோர்வு முதல் ஆண்டின் எந்த மாதத்திலும் தொடங்கலாம். வீட்டுக்கு வருகிறவர்களின் கூட்டம் ஓய்வதும், கணவன் வேலைக்குத் திரும்புவதும், அம்மாவோ மாமியாரோ தம் வீட்டுக்குப் போவதும், மருத்துவமனையின் கவனிப்பு முடிவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நிகழ்கின்றன. தடுப்பூசிக்காகக் குழந்தையை மட்டும் அதன் பிறகும் குறித்த நாளில் அழைக்கிறார்கள். அதே நாளில், அதே வரிசையில் நிற்கும் தாயிடமும் பத்துக் கேள்விகளைக் கேட்கலாம். புதிதாகக் கட்டடமோ ஆட்களோ தேவையில்லை. தனியாக உட்கார ஒரு நாற்காலியும் பத்து நிமிடமும் போதும்.

அதுவரைக்கும் நம்மால் முடிந்ததைச் செய்யலாம். பிரசவம் பற்றிய செய்தி வந்தால் நான் இப்போது உடனே போய் நிற்பதில்லை. முதல் வாரத்தில் ஆட்கள் நிறைய இருப்பார்கள். தொலைபேசி நாட்காட்டியில் இரண்டாம் மாதம், நான்காம் மாதம், ஏழாம் மாதம் என்று அந்தப் பெண்ணின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்கிறேன். அந்த நாள் வந்ததும் நானே அழைக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண்ணுக்கு அடுத்த மாதம் பிரசவம். இதைச் சொன்னதும் உடன் வேலை செய்பவர்கள் சிலர் தாங்களும் சேர்ந்துகொள்வதாகச் சொன்னார்கள். ஒருவர் புதன்கிழமை மாலைகளை எடுத்துக்கொண்டிருக்கிறார். இன்னொருவர், தம்மால் வீட்டுக்குப் போக முடியாது, ஆனால் இரவு வெகுநேரம் விழித்திருப்பவர் என்பதால் பாலூட்டும் நேரத்தில் பேசத் துணை வேண்டுமென்றால் தாம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். எந்த இரவுகளில் முதலில் செய்தி அனுப்புவது அவரே என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டோம். பட்டியலை அந்தப் பெண்ணிடம் காட்டி, வேண்டாதவற்றை அடித்துவிடச் சொன்னோம். அவள் வெள்ளிக்கிழமையை மட்டும் அடித்துவிட்டு, மற்றவை இருக்கட்டும் என்றாள்.